இழுக்கும் வாகனம் நிறுத்தவும் வேண்டும்
பழைய டீசல் பிக்கப்பில் கனத்த இயந்திரங்களை இழுத்துச் செல்லும் குடும்பங்களுக்கு

மீளக்குடியேறிய நமது கிராமங்களில் ஒரு கமக்காரக் குடும்பம் தனக்கென எல்லா இயந்திரங்களையும் வைத்திருப்பது அரிது. சூடடிக்கும் இயந்திரம் ஒருவரிடமும், பெரிய இறைப்பு இயந்திரம் இன்னொருவரிடமும் இருக்கின்றன. வீட்டு வேலைக்கான சீமெந்துக் கலவை இயந்திரமும் தண்ணீர்ப் பவுசரும் சங்கத்தின் பொறுப்பில் இருக்கின்றன. இவற்றை வயலுக்கு வயல், வளவுக்கு வளவு கொண்டுசெல்ல அநேகமாகக் கைகொடுப்பது இருபது, முப்பது வருடங்கள் ஓடிய ஒரு டீசல் பிக்கப் வாகனமே. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய வாகனங்களின் மதிப்பு இன்னும் கூடியது. 2025 பெப்ரவரியில் இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்ட போதிலும், புதிய வாகனம் ஒன்றின் விலை நம்மில் பெரும்பாலானோருக்கு எட்டாத உயரத்திலேயே உள்ளது. ஆகவே பழைய பிக்கப்புகள் இன்னும் பல காலம் நம்மோடு இருக்கப்போகின்றன.

இன்னொரு விடயத்தையும் நாம் மனதிற் கொள்ள வேண்டும். 1990 இலும் 1995 இலும், பின்னர் 2008, 2009 இலும் இடம்பெயர்ந்தபோது, உழவு இயந்திரப் பெட்டியில் எவ்வளவு ஏற்றலாம் என்று எவரும் கணக்குப் பார்க்கவில்லை. கட்டில், கதவு, நெல்மூட்டை, இறைப்பு இயந்திரம், வயோதிபர், குழந்தைகள் என்று கிடைத்ததையெல்லாம் ஏற்றினோம். அன்று வேறு வழி இருக்கவில்லை. ஆனால் அவசரத்தில் வந்த அந்தப் பழக்கம், அவசரம் இல்லாத இந்நாட்களிலும் நம்மை விட்டுப் போகவில்லை. “அன்று இதைவிடக் கூட இழுத்தது” என்ற பேச்சை நாம் பல இடங்களில் கேட்கின்றோம். அன்று இழுத்தது உண்மை. பெரும்பாலும் நடை வேகத்தில் இழுத்தது என்பதும் உண்மை. இன்று அதே பாரத்தை அகலமான தார் வீதியில் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் இழுக்கின்றோம்.

பழைய டீசல் எஞ்சின் ஏன் இழுக்கின்றது?

நமது பகுதிகளில் அதிகம் காணப்படும் டொயோட்டா ஹைலக்ஸ் வாகனத்தை உதாரணமாகக் கொள்வோம். அதன் பழைய டீசல் எஞ்சின்களுள் இரண்டு வகைகளைப் பார்ப்போம். ஒன்று 2,446 சி.சி., மற்றையது 2,779 சி.சி. இரண்டுமே குதிரைவலுவில் பெரியவை அல்ல. ஆனால் டீசல் எஞ்சின் குறைந்த சுற்றிலேயே தனது முறுக்கு விசையைக் கொடுத்துவிடும். இவ்வகை எஞ்சின்கள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,000 முதல் 2,500 சுற்றுகளில் மிகவும் நன்றாக இழுக்கும். முதலாம் கியரில், கியர்ப் பெட்டி அந்த விசையை ஏறத்தாழ நான்கு மடங்காக்கிச் சில்லுக்கு அனுப்புகின்றது. எனவே தன் எடையைவிடக் கூடிய பாரத்தையும் பழைய பிக்கப் அசைத்துவிடும்.

ஏமாற்றம் இங்கேதான் தொடங்குகின்றது. வாகனம் பாரத்தை அசைத்துவிட்டால் “இயலும்” என்று நாம் முடிவு செய்துவிடுகின்றோம். அசைப்பது எஞ்சினின் வேலை. நிறுத்துவது பிறேக்கினதும் ரயரினதும் வேலை. எஞ்சினுக்குக் கியர் துணை நிற்பதுபோல் பிறேக்குக்கு எந்தக் கியரும் நான்கு மடங்கு பலம் கொடுப்பதில்லை.

நிறுத்துவது யார்?

உழவு இயந்திரப் பெட்டிகளிலும், கிராமத்துப் பட்டறைகளில் ஒட்டிச் செய்யப்படும் இழுவைப் பெட்டிகளிலும் பெரும்பாலானவற்றுக்குப் பிறேக் இல்லை. அப்படியானால் பெட்டியின் பாரம் முழுவதையும் முன்னால் செல்லும் பிக்கப்பே நிறுத்த வேண்டும்.

சிறிய கணக்கு ஒன்றைப் பார்ப்போம். பிக்கப்பின் எடை 1,400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பின்னால் பிறேக் இல்லாத 1,400 கிலோ பாரம். வாகனத்தின் நான்கு ரயர்கள் இப்போது இரண்டு வாகனங்களின் எடையை நிறுத்த வேண்டியுள்ளது. அதனால் நிற்பதற்கு வேண்டிய தூரம் ஏறத்தாழ இரு மடங்காகின்றது. வேகத்தின் கதை இதைவிடக் கடினமானது. வேகம் இரு மடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீற்றரில் செல்லும் வாகனம் ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 17 மீற்றர் ஓடுகின்றது. வீதியில் மாடு குறுக்கிடுவதைக் கண்டு கால் பிறேக்குக்குப் போவதற்குள் அந்த 17 மீற்றர் கடந்துவிடும். நிற்கத் தொடங்குவதே அதன் பின்னர்தான்.

ஐரோப்பிய நாடுகளில் பிறேக் இல்லாத இழுவைப் பெட்டியின் மொத்த எடை, பாரத்தோடு சேர்த்து, 750 கிலோவுக்கு மேற்படலாகாது என்பது சட்டம். வாகனத்தின் எடையில் பாதிக்கு மேற்படலாகாது என்ற கட்டுப்பாடும் அங்கு உண்டு. நல்ல வீதியும் புதிய வாகனமும் உள்ளவர்கள் வைத்துக்கொண்ட எல்லை அது. பழைய பிறேக்குடனும் தேய்ந்த ரயருடனும் ஓடும் நாம் அந்த எல்லைக்குள் நிற்பதே புத்தி. அதற்கு மேற்பட்ட பாரமானால் பிறேக் பூட்டிய பெட்டி வேண்டும், அல்லது லொறி வேண்டும்.

பாரத்தைக் கணக்கிடுவது எப்படி?

கண்ணால் பார்த்து எடையைச் சொல்வது பெரும்பாலும் பிழைத்துவிடும். பின்வரும் அளவுகளை மனதில் வைத்திருங்கள்.

ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. 1,000 லீற்றர் பவுசர் நிறைந்தால் தண்ணீர் மட்டும் ஒரு தொன். தாங்கியும் பெட்டியும் அதற்கு மேல்.

50 கிலோ சீமெந்து மூட்டை இருபது சேர்ந்தால் ஒரு தொன்.

ஒரு கியூப் மணல் நான்கு தொன்னுக்கு மேல். கால் கியூப் மணலே பழைய பிக்கப்புக்குப் போதியதற்கு மேற்பட்ட பாரம்.

நாற்சில்லு உழவு இயந்திரம் ஒன்றரைத் தொன் அளவிலிருந்து தொடங்கும். அதைப் பெட்டியில் ஏற்றிப் பிக்கப்பால் இழுக்க நினைக்க வேண்டாம். ஓடக்கூடியதானால் அதனை ஓட்டிச் செல்லுங்கள். ஓடாததானால் லொறி பிடியுங்கள்.

பவுசர் இழுப்போர் இன்னொன்றையும் அறிய வேண்டும். அரைவாசி நிரம்பிய தாங்கி, முழுதாக நிரம்பியதைவிடச் சில வேளைகளில் ஆபத்தானது. உள்ளே தண்ணீர் அலைந்து, பிறேக் பிடிக்கும்போது முன்னோக்கியும் வளைவில் பக்கவாட்டிலும் தள்ளும். தாங்கியின் உள்ளே தடுப்புத் தகடுகள் இல்லாவிட்டால் முழுதாக நிரப்புங்கள், அல்லது சிறிய தாங்கியைப் பாவியுங்கள்.

பாரம் எங்கே இருக்க வேண்டும்?

பெட்டியின் பாரம் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். மொத்தப் பாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் அழுத்த வேண்டும். 700 கிலோ பெட்டியானால் கொக்கியில் 70 கிலோ அளவு. இதனை அளக்க நெல் நிறுக்கும் மேடைத் தராசு போதும். பெட்டியை மட்டமான நிலத்தில் நிறுத்தி, சில்லுகளுக்குக் கட்டை வைத்து, இழுவைத் தண்டின் நுனியைத் தராசின் மேல் வைத்துப் பாருங்கள்.

பாரம் பின்னுக்குப் போனால் கொக்கி மேலெழும்பப் பார்க்கும். வேகம் கூடும்போது பெட்டி வாலாட்டத் தொடங்கும். முதலில் மெதுவாக, பின்னர் வாகனத்தையே இழுத்துப் புரட்டும் அளவுக்கு ஆடும். அவ்வேளையில் பிறேக்கை அழுத்திப் பிடிப்பதும், ஸ்ரியரிங்கை மாறி மாறித் திருப்புவதும் ஆட்டத்தைக் கூட்டும். ஸ்ரியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாகக் குறைய விடுங்கள். பின்னர் ஓரத்தில் நிறுத்தி, பாரத்தை முன்னே மாற்றிக் கட்டுங்கள்.

பாரம் அளவுக்கு மேல் முன்னே இருந்தாலும் தீங்கே. பிக்கப்பின் பின்பகுதி அமிழ்ந்து முன்சில்லுகள் இலேசாகிவிடும். ஸ்ரியரிங் பஞ்சுபோல் திரும்புகின்றது என்றால் அதுவே அடையாளம்.

கொக்கியும் சங்கிலியும்

பம்பரில் ஒட்டிய கொக்கியை நம்ப வேண்டாம். பம்பர் இழுப்பதற்கென்று செய்யப்பட்டதல்ல. கொக்கி வாகனத்தின் அடிச்சட்டமாகிய சசியோடு போல்ட் போட்டு இறுக்கப்பட வேண்டும். பழைய வாகனங்களில் சசியே உள்ளிருந்து துருப்பிடித்திருக்கலாம். ஆகவே பூட்டுமுன் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துருப்பிடித்தது மந்தமாக ஒலிக்கும்.

உழவு இயந்திரப் பெட்டியை ஊசி போட்டுக் கொழுவுவது வழக்கம். அந்த ஊசி கழன்று வராதபடி அதன் அடியில் பூட்டுக்கம்பி இருக்க வேண்டும். சேலைத் துண்டும் கட்டுக்கம்பியும் அதற்கு ஈடாகா. அத்தோடு இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகளை இழுவைத் தண்டின் கீழ் ஒன்றையொன்று குறுக்கிடும்படி கொழுவுங்கள். கொக்கி கழன்றாலும் தண்டின் நுனி நிலத்தில் குத்தாமல் அந்தச் சங்கிலிகள் தொட்டில் போலத் தாங்கிக்கொள்ளும்.

கொழுவும்போது பெட்டியின் சில்லுகளுக்கு முதலில் கட்டை வையுங்கள். வாகனம் பின்னோக்கி வரும்போது வாகனத்துக்கும் பெட்டிக்கும் இடையில் எவரும் நிற்கலாகாது. வாகனம் நின்று, கான்ட் பிறேக் இழுத்த பின்னரே இடையில் போக வேண்டும். பின்னோக்கிச் செலுத்தும்போது ஸ்ரியரிங்கின் அடிப்பகுதியைப் பிடியுங்கள். பெட்டியின் பின்புறம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் போதும்.

ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பதிக்கப்பட்டிருக்கும். 2319 என்றிருந்தால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பூ நன்றாக இருந்தாலும் பக்கத்தில் வெடிப்பு விழுந்த பழைய ரயர் பாரத்துக்கு உதவாது. வெயிலில் மாதக்கணக்காக நின்ற பெட்டியின் ரயர்களையே முதலில் பாருங்கள்.

கிளச்சும் கியரும்

பாரத்தோடு புறப்படும்போது எப்பொழுதும் முதலாம் கியர். எஞ்சினை அலறவிட்டுக் கிளச்சைப் பாதியில் பிடித்து வைத்திருப்பது கிளச் தட்டைக் கருக்கும் வழி. சற்றே சுற்றைக் கூட்டி, வாகனம் அசைந்ததும் கிளச்சை முழுதாக விட்டுவிடுங்கள். ஏற்றத்தில் கான்ட் பிறேக்கில் நிறுத்தி, எஞ்சின் பிடிப்பதை உணர்ந்து, பின்னர் அதனை விடுங்கள். கருகிய மணம் வந்தால் நிறுத்தி ஆறவிட வேண்டும். ஓடும்போது கிளச்சின் மேல் காலை வைத்திருக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

இழுக்கும்போது ஐந்தாம் கியர் வேண்டாம். இவ்வகை வாகனங்களில் நான்காம் கியரில் எஞ்சினின் சுற்று நேராகவே வெளியேறுகின்றது. ஐந்தாம் கியரோ பாரமில்லாத ஓட்டத்தில் டீசலை மிச்சம் பிடிப்பதற்கானது. அதில் பாரத்தை இழுத்தால் எஞ்சின் திணறும், கியர்ப் பெட்டியும் சூடேறும். சுற்றுமானி இல்லாத வாகனத்தில் காதே மானி. எஞ்சின் ‘டக் டக்’ என்று திணறி, கறுத்த புகை கக்கினால் கொடுத்த டீசல் முழுதாக எரியவில்லை. அக்சிலேற்றரை இன்னும் அழுத்துவதால் பயனில்லை. ஒரு கியர் இறக்குங்கள்.

நாற்சில்லு இழுவை உள்ள வாகனமானால் அதன் குறைந்த கியர் மணலிலும் சேற்றிலும் பெரும் உதவி. ஆனால் காய்ந்த தார் வீதியில் அதனைப் போட்டு ஓடினால் அச்சுகள் முறுகிக் கெட்டுவிடும்.

இறக்கத்தில்

வன்னியின் வீதிகள் மட்டமானவை. நமக்குப் பழக்கமான இறக்கம் குளக்கட்டிலிருந்து இறங்குவது மட்டுமே. ஆனால் பழைய இயந்திரம் வாங்கக் கண்டிப் பக்கம் செல்வோர் உண்டு. ஏ9 வீதியில் கண்டிக்கும் மாத்தளைக்கும் இடையே பலகடுவையின் வளைவுகளில் பாரத்தோடு இறங்குவது வேறு அனுபவம். இறக்கம் தொடங்குமுன்னரே கியரைக் குறைக்க வேண்டும். ஏறுவதற்கு எந்தக் கியர் தேவைப்படுமோ அதே கியரில், வேண்டுமானால் அதைவிடக் குறைந்த கியரில், இறங்குங்கள்.

டீசல் எஞ்சினின் பிடி பெற்றோல் எஞ்சினின் பிடியைவிடக் குறைவு என்பதையும் அறிந்திருங்கள். பெற்றோல் எஞ்சினில் காற்று வரும் வழியை அடைக்கும் தகடு உண்டு, பழைய டீசலில் அது பெரும்பாலும் இல்லை. ஆகவே கியர் மட்டும் காப்பாற்றும் என்று இருந்துவிடாமல் தொடக்கத்திலேயே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பிறேக்கை இடைவிடாது மெதுவாக மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறி, உள்ளிருக்கும் பிறேக் ஒயில் கொதித்து, கால் தரையைத் தொட்டாலும் வாகனம் நிற்காத நிலை வரும். உறுதியாக மிதித்து வேகத்தைக் குறைத்து, பின்னர் முழுதாக விட்டு, ஆறவிட்டு மீண்டும் மிதியுங்கள். பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவையாவது அதனை மாற்றுங்கள்.

டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும், எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்குவதும் நம்மவர்களிடம் உள்ள கொடிய பழக்கம். டீசல் வாகனத்தில் பிறேக்கை இலேசாக்கும் வெற்றிடத்தைத் தனிப் பம்ப் ஒன்றே உண்டாக்குகின்றது. ஹைலக்ஸ் போன்றவற்றில் அது ஒல்ரனேற்றரோடு சேர்ந்து பெல்ற்றினால் சுழல்கின்றது. எஞ்சின் நின்றாலோ பெல்ற் அறுந்தாலோ ஓரிரு மிதிக்குமேல் அந்த உதவி கிடைக்காது. ஒரு பெல்ற்றின் விலைக்கு வாகனத்தின் பிறேக்கையே பணயம் வைக்கலாமா? வெடித்த பெல்ற்றை இன்றே மாற்றுங்கள்.

எஞ்சினின் சூடு

பழைய டீசல் எஞ்சினின் பெரிய எதிரி சூடு. சூடு எல்லை மீறினால் எஞ்சினின் தலைப்பகுதி வெடிக்கும். அந்தச் செலவு ஒரு போகத்தின் வருமானத்தையே விழுங்கக்கூடியது. புறப்படுமுன் தண்ணீரும் ஒயிலும் பாருங்கள். றேடியேற்றரின் முன்னால் அடைந்திருக்கும் பூச்சிகளையும் வைக்கோல் தூசியையும் கழுவுங்கள். சூடடிக்கும் காலத்தில் இது வாரந்தோறும் செய்ய வேண்டிய வேலை.

சூட்டுமானி ஏறத் தொடங்கினால் குளிரூட்டியை நிறுத்தி, கியரையும் வேகத்தையும் குறையுங்கள். அதன் பின்னும் இறங்காவிட்டால் நிழலில் நிறுத்துங்கள். தண்ணீர் ஒழுகாதிருந்தால் எஞ்சினை உடனே அணைக்காமல் சில நிமிடங்கள் மெதுவாக ஓடவிடுங்கள். ஓடும் தண்ணீரும் காற்றாடியும் சூட்டை வெளியேற்றும். சூட்டோடு றேடியேற்றர் மூடியைத் திறக்க வேண்டாம். கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

சேற்றில் புதைந்த உழவு இயந்திரம்

காலபோகத்தில் வயலில் புதைந்த உழவு இயந்திரத்தைப் பிக்கப்பில் சங்கிலி கட்டி இழுத்தெடுக்க முயல்வதைப் பல இடங்களில் காண்கின்றோம். சங்கிலியைத் தளர்வாக விட்டு, ஓடி வந்து இழுப்பது எல்லாவற்றிலும் ஆபத்தானது. அறுந்த சங்கிலி ஒரு மனிதனைக் கொல்லும் வேகத்தில் திரும்பி வரும். முதலில் சில்லுகளைச் சுற்றித் தோண்டி, பலகையோ தென்னை மட்டையோ போடுங்கள். இழுப்பதற்கு இன்னோர் உழவு இயந்திரத்தை அழையுங்கள். எதனால் இழுத்தாலும் சங்கிலியின் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போடுங்கள். சங்கிலியின் நீளத்தைவிடக் கூடிய தூரத்தில் எல்லோரும் விலகி நில்லுங்கள்.

சாரதியின் சொல்

இயந்திரத்தோடு ஆட்களும் செல்வது நமது வழக்கம். சூடடிக்கும் இயந்திரத்தின் மேல் இளைஞர்கள், பெட்டியின் ஓரத்தில் பெண்கள், இழுவைத் தண்டின் மேல்கூடப் பிள்ளைகள். தண்டிலிருந்து வழுக்கி விழும் பிள்ளையின் மேல் அந்தப் பெட்டியின் சில்லே ஏறும். அதனை எந்தச் சாரதியும் தடுக்க முடியாது. பெட்டியில் எவரும் ஏறக்கூடாது என்பதை விதியாக்குங்கள். இரவில் விளக்கில்லாத பெட்டி வீதியில் இருப்பதே பின்னால் வருபவருக்குத் தெரியாது. பின்விளக்கு எரியாவிட்டால் பொழுதுபட்ட பின் புறப்பட வேண்டாம். சிவப்பு ஒளித்தெறிப்பான் இரண்டு பின்னால் எப்பொழுதும் இருக்கட்டும்.

இவை எல்லாவற்றையும் ஒரு சாரதி அறிந்திருந்தாலும், அவரால் அவற்றைக் கடைப்பிடிக்க முடியாத வேளைகள் உண்டு. அநேகமாக அவர் ஊர்ப்பிள்ளை. “இன்னும் நாலு மூட்டை தானே தம்பி”, “அண்ணை, இருட்ட முன் போய்விடலாம்” என்று நாலு பேர் சொன்னால் அவரால் மறுக்க இயலாது. வாகனம் புரண்டால் பழி மட்டும் அவருடையது.

எனவே கமக்கார அமைப்புகளிடமும் மாதர் சங்கங்களிடமும் நாம் கேட்பது இதுதான். பொது இயந்திரம் ஒன்றை வைத்திருக்கும் ஒவ்வொரு சங்கமும் தனது பெட்டியின் எடையையும், அதில் ஏற்றக்கூடிய பாரத்தையும் ஒரு தடவை நிறுத்துப் பார்த்துப் பெட்டியின் பக்கத்தில் வர்ணத்தால் எழுதட்டும். ஒரு கொப்பியில் ரயர், பிறேக் ஒயில், பெல்ற் என்பன மாற்றிய திகதிகளைக் குறித்து வாகனத்திலேயே வையுங்கள். “இந்தப் பாரம் இயலாது” என்று சாரதி சொன்னால் அச்சொல்லே முடிவு என்று அடுத்த கூட்டத்தில் தீர்மானம் எழுதுங்கள். இரண்டு நடையாகக் கொண்டுபோனால் கூடச் செலவாகும் டீசலின் காசை, பாரம் ஏற்றியவர்கள் பகிர்ந்து கொடுக்கட்டும்.

இழந்த இயந்திரங்களுக்குப் பதிலாக ஒவ்வொன்றாகச் சேர்த்தவை இவை. இவற்றில் ஒன்று வீதியோரத்தில் நொருங்கிக் கிடந்தால் பத்து, பதினைந்து குடும்பங்களின் அறுவடை வயலிலேயே நிற்கும். காலபோக வேலைகள் தொடங்குமுன் ஒரு பின்னேரம் ஒதுக்கி, உங்கள் பெட்டியையும் கொக்கியையும் சேர்ந்து பாருங்கள். நெல் நிறுக்கும் தராசையும் எடுத்து வாருங்கள்.